மூன்று அடுப்பும் ஒரு கேடயமும்

ஒரு காட்டில், வற்றிப்போன ஓடைக்கு மேற்கே, ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்து வாழ்ந்து வந்தது. பன்றி அடுப்பு மூட்டுமா என்று சிலர் கேட்பீர்கள். பன்றி பேசும் என்றால் நம்பத் தயாராக இருப்பவர்கள், அடுப்பு மூட்டும் என்றால் மட்டும் ஆதாரம் கேட்பது நியாயமில்லை. பேசாமல் மேலே படியுங்கள்.

குடும்பத் தலைவர் கொம்பையா. ஒரு கொம்பு பாதி உடைந்த கிழப்பன்றி. மனைவி காலமாகிவிட்டாள். மூத்த மகன் சுடலைமுத்து, அவன் பெண்டாட்டி செண்பகம். இளைய மகன் மாசானம், அவன் பெண்டாட்டி பேச்சி. இவர்களுக்குப் பிறந்த குட்டிகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஓடிக்கொண்டே இருக்கிறவர்களை எண்ண முடியாது.

அந்தக் காட்டில் இந்தக் குடும்பத்துக்கு இருந்த பேர் சாதாரணப் பேர் இல்லை. எந்தக் கல்யாணத்திலும் மணமக்களை வாழ்த்தும்போது, "கொம்பையா வீடு மாதிரி இருங்க" என்றுதான் வாழ்த்துவார்கள். தனியாகப் போகணும் என்று முணுமுணுக்கிற மருமகள்களை மாமியார்கள் கையோடு கூட்டி வந்து காட்டுவார்கள். "பாத்துக்கோ. ஒரே பானை. ஒரு சத்தம் கேக்குதா?" சத்தம் கேட்காது. நல்ல குடும்பத்தின் முதல் லட்சணம், யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் இருப்பதுதான்.

அந்தப் பானையில் காய்வது என்ன கஞ்சி என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்பு கிடையாது. காரம் கிடையாது. வாசனை என்று ஒன்று இருந்தால் அது விறகின் வாசனை. பெரியவருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது என்று எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியாது.

காய்ச்சுகிறவள் செண்பகம். காட்டுக்கோழி கூவும் முன்னே அடுப்படிக்கு வந்துவிடுவாள். முதலில் குட்டிகளுக்கு ஊற்றுவாள். அப்புறம் மாமனாருக்கு, அப்புறம் ஆண்களுக்கு, அப்புறம் வேடிக்கை பார்க்க வந்த மாமியார்களுக்கு, அவர்கள் கூட்டி வந்த மருமகள்களுக்கு. அப்புறம் பேச்சிக்கு. கடைசியில் தன் இலையில் ஊற்றும்போது கஞ்சி ஆறி, ஆடை பிடித்து, பச்சைத் தண்ணீராகியிருக்கும். மூடி வைக்கலாமே என்பீர்கள். அந்தப் பானையின் வாய்க்குப் பொருந்துகிற மூடி அந்தக் காட்டிலேயே இல்லை.

செண்பகம் மலைச்சரிவில் பிறந்தவள். அங்கே கஞ்சி என்றால் கொதிக்கக் கொதிக்க இருக்கும். காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கிப் போட்டிருப்பார்கள். ஒரு வாய் உறிஞ்சினால் காது வரைக்கும் சுள்ளென்று ஏறும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தக் கஞ்சியை, அந்தச் சூட்டில், ஒரு வாய் குடிக்க வேண்டும். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு வாய்க் கஞ்சியைப் பற்றித்தான். மற்றதெல்லாம் அரசாங்கம்.

இப்படி இருக்கையில் காட்டில் மழை பொய்த்தது. மண்ணைக் கிளறினால் புழுதிதான் வந்தது, கிழங்கு வரவில்லை. குட்டிகள் பசியில் ஓடுவதை நிறுத்திவிட்டன. அப்போது எண்ணியிருந்தால் எண்ணியிருக்கலாம், ஆனால் யாருக்கும் மனசு வரவில்லை. காட்டு உணவு அலுவலகம் ஒரு திட்டம் அறிவித்தது: குடும்பத்துக்கு ஒரு கூடை கிழங்கு.

அலுவலகக் குகையின் முன்னால் வரிசை நின்றது. கொம்பையா குடும்பத்தோடு போய் நின்றார். அவருக்கு முன்னால் ஓர் ஆமை, ஒற்றை ஆள். ஜன்னலில் இருந்த அடையாளம் பார்க்கும் மிஷினில் தலையைக் காட்டியது. ஒரு கூடை கிழங்கை வாங்கி முதுகில் வைத்துக்கொண்டு கிளம்பியது. அடுத்து கொம்பையா. அவருக்கும் அதே ஒரு கூடை.

"என்னய்யா இது? நாங்க ஒரு படையே வந்திருக்கோம். ஆமைக்கும் ஒரு கூட, எங்களுக்கும் ஒரு கூடயா?" என்றார்.

ஜன்னலுக்குள் இருந்த முள்ளம்பன்றி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அடுப்பு எத்தனை?"

"ஒண்ணு."

"அப்ப குடும்பம் ஒண்ணு. ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு குடும்பம். அதான் சட்டம். அடுத்து யாரு?"

"வயிறு எத்தனன்னு கேக்க மாட்டியளா?"

"வயித்துக்கு மிஷின்ல இடமில்ல பெரியவரே. தள்ளி நில்லுங்க."

அந்தக் கூடை வீட்டுக்கு வந்து சேரவில்லை. வழியிலேயே குட்டிகள் தின்றுவிட்டன. வெறும் கூடையைச் சுமந்துகொண்டு வந்த சுடலைமுத்து, அதையும் தின்னலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான்.

அலுவலகத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு நரி செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும். எல்லாருக்கும் மனு போட்டுக் கொடுப்பதுதான் அதன் பிழைப்பு. மறுநாள் அது கொம்பையாவைக் கூப்பிட்டது.

"அண்ணாச்சி, ஒரு வழி சொல்லுதேன். கோவப்படாதிய. பிரிஞ்சிருங்க."

கொம்பையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஏ நரி! என்ன வார்த்த சொல்லிட்ட! எங்க குடும்பத்தப் பாத்தா சொல்லுத?"

"நெசமாவா பிரியச் சொல்லுதேன்? அடுப்ப மட்டும் பிரிங்க. மனசு சேந்தே கெடக்கட்டும், அதுக்கு எவனும் கெழங்கு தரப்போறதில்ல. மூத்தவனுக்கு ஒரு அடுப்பு, எளையவனுக்கு ஒரு அடுப்பு, ஒங்களுக்கு ஒரு அடுப்பு. மூணு கூட."

"எனக்கு எதுக்குவே தனி அடுப்பு?"

"அப்பன யாரு வச்சுக்கிடுததுன்னு மகனுக ரெண்டு பேருக்கும் தகராறு. கடசில ரெண்டு பேருமே வேண்டாம்னுட்டானுவ. அப்படிச் சொன்னாத்தான் நம்புவான்."

கொம்பையாவின் கண் கலங்கிவிட்டது. "நாடகத்துலதான?"

"நாடகத்துலதான் அண்ணாச்சி."

வீட்டில் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார். குட்டிகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் கொம்பையா ஒரு சத்தியம் கேட்டார். "மழ விழுந்த அன்னைக்கு மூணு அடுப்பையும் ஒடச்சுட்டு, பழய அடுப்புக்கு வந்துரணும். சத்தியம் பண்ணுங்க." எல்லாரும் பண்ணினார்கள். செண்பகமும் பண்ணினாள். எல்லாருக்கும் கடைசியாகத்தான் பண்ணினாள், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எதிலும் அவள் கடைசியாக வருவது அந்த வீட்டில் பழகிப்போன விஷயம்.

மூன்று கல், மூன்று கல்லாக மூன்று அடுப்பு வைத்தார்கள். மாவிலை மட்டும்தான் கட்டவில்லை. தணிக்கைக்கு வந்தவர் ஆவுடையப்பன் என்கிற உடும்பு. பிடித்தால் விடமாட்டார் என்று எல்லாரும் சொல்வார்கள். உடும்பைப் பற்றி அப்படிச் சொல்வது உவமையில் சேராது, அது அவருடைய பணி அனுபவம்.

ஆவுடையப்பன் நாக்கை நீட்டி ஒவ்வொரு அடுப்புக் கல்லையும் நக்கிப் பார்த்தார்.

"கரி ருசியே இல்லயே. இது அடுப்பா, கொலுவா?"

ஆவுடையப்பன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி, பிரிஞ்சீங்களே, சண்டை எதுல ஆரம்பிச்சது?"

கொம்பையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க குடும்பத்துல சண்டையா? கேட்டுப் பாருங்க சார் காட்டுல. ஒரு நாளு, ஒரு சுடுசொல்லு..." சுடலைமுத்து அவர் காலை மிதித்தான். அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

"என் சர்வீஸ்ல, சண்டை போடாம பிரிஞ்ச குடும்பத்த நான் பாத்ததில்ல" என்றார் ஆவுடையப்பன். "மறுபடி வருவேன். எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன். மூணு அடுப்புலயும் நெசமா உலை கொதிக்கணும். முகத்துல பகை தெரியணும். இல்லேன்னா இருக்குற ஒரு கூடையும் கிடையாது."

உலை கொதிக்க வைத்துவிடலாம். பகைக்கு எங்கே போவது? நரியையே வரவழைத்தார்கள். ஓடைக்கரையில் சண்டை ஒத்திகை ஆரம்பமாயிற்று.

"மூத்தவரே, தம்பியப் பாத்து வாயில வந்ததச் சொல்லும்" என்றது நரி.

சுடலைமுத்து மார்பை விரித்துக்கொண்டு முன்னே வந்தான். "ஏலே மாசானம்!"

"என்னண்ணே?"

"நீ... நீ சாப்ட்டியாலே?"

"இல்லண்ணே. நீங்க?"

நரி தலையில் அடித்துக்கொண்டது. பேச்சியை முயன்று பார்க்கச் சொன்னது. அவள் செண்பகத்தை முறைத்துப் பார்த்தாள். "யக்கா, ஒங்க கஞ்சி இருக்கே..." என்று உரக்க ஆரம்பித்து, "நல்லாத்தான் இருக்கு" என்று முடித்தாள்.

"வெளங்கும். மூத்த மருமக நீங்களாவது ஏதாச்சும் சொல்லுங்க தாயி."

செண்பகம் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்ல? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இந்த அகப்பையக் கீழ வச்சிருக்கேனா? குட்டியளுக்கு ஊத்திட்டு, பெரியவருக்கு ஊத்திட்டு, வேடிக்க பாக்க வந்தவளுவளுக்கெல்லாம் ஊத்திட்டு, கடசில என் எலையில விழுகது பச்சத்தண்ணி. ஆட பிடிச்ச பச்சத்தண்ணி. ஒரு நாளு, ஒருத்தராவது, ‘செண்பகம், நீ குடிச்சியா’ன்னு கேட்டிருக்கியளா? ஒரே குடும்பம், ஒரே குடும்பம்னு ஊரே சொல்லுது. அந்தக் குடும்பத்துல நான் யாரு? பானையா, அகப்பையா?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது.

அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள்.

"எம்மா, என்ன நடிப்பு! என்ன நடிப்பு!" என்று கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவளுக்குள்ள இப்பிடி ஒரு தெறம இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான் சுடலைமுத்து. நரி மட்டும் தொழில் சுத்தமாக ஒரு திருத்தம் சொன்னது: "‘பச்சத்தண்ணி’ங்குற எடத்துல இன்னும் கொஞ்சம் அழுத்தம் குடுக்கணும்."

செண்பகம் குனிந்து அகப்பையை எடுத்துக்கொண்டாள். பேச்சி மட்டும் கை தட்டவில்லை. தன் இலையில் விழும் கஞ்சியும் அவ்வளவாகச் சூடாக இருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

மறுநாள் காலை, மிச்சமிருந்த நொய்யை மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டு மூன்று அடுப்பிலும் உலை வைக்கக் கிளம்பினார்கள். செண்பகம் சின்னப் பானையில் உலை வைத்தாள். மலைச்சரிவிலிருந்து கொண்டுவந்து, இத்தனை நாளாக ஒளித்து வைத்திருந்த காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கிப் போட்டாள். பழக்கதோஷத்தில் முதலில் புருஷனுக்கும் குட்டிகளுக்கும்தான் ஊற்றினாள். ஆனால் சின்னப் பானை என்பதால், அவள் முறை வந்தபோதும் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு வாய் குடித்தாள். உதடு சுட்டது, நாக்கு சுட்டது, காது அடைத்தது. அப்படியே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று மட்டும் எழுதினால் மிளகாய்க்கு மரியாதை இல்லாமல் போய்விடும். இரண்டும் சேர்ந்துதான்.

ஆவுடையப்பன் புதரை விலக்கிக்கொண்டு வந்து நின்றது அந்த நேரத்தில்தான். செண்பகம் அழுதுகொண்டிருந்தாள். உப்பில்லாக் கஞ்சியிலேயே வளர்ந்த சுடலைமுத்து கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, தரையில் புரண்டுகொண்டிருந்தான். குட்டிகள் நாக்கை நீட்டிக்கொண்டு ஊளையிட்டன.

"என்னய்யா, என்ன ஆச்சு?" என்று உடும்பு பதறியது.

சுடலைமுத்துவால் பேச முடியவில்லை. வாயைத் தொட்டுக் காட்டினான். அப்பாவின் பானையில் தண்ணீர் இருக்குமே என்று அந்தப் பக்கம் கையை நீட்டினான்.

"புரியுது, புரியுது. அப்பா பேரச் சொல்லக்கூட வாய் வரல. மனசு அவ்வளவு கசந்துபோச்சு" என்றார் ஆவுடையப்பன்.

அடுத்த அடுப்புக்குப் போனார். பேச்சி தேன் ஊற்றி இனிப்புக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். மாசானம் பானையை நக்கிக்கொண்டிருந்தான். "அண்ணன் வீட்ல அழுகை, தம்பி வீட்ல இனிப்பு. பாகப்பிரிவினை பக்கா" என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது அடுப்பில் புகை மட்டும்தான் இருந்தது. கொம்பையா ஆயுளில் முதன்முறையாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். ஈர விறகை வைத்து ஊதி ஊதி, முகமெல்லாம் கரி. ஆவுடையப்பனுக்கு மனசு தாங்கவில்லை. தானே குனிந்து உட்கார்ந்து ஊதித் தீயைப் பிடிக்க வைத்தார். உலை கொதித்ததும் கொம்பையா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். வாசனைக்கு, ஒளித்து வைத்திருந்த நாலு நெத்திலிக் கருவாட்டையும் சுட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பக்கத்தில் அதிகாரி இருப்பது நினைவு வந்ததும் அவருக்கும் ஓர் இலையில் ஊற்றி, ஒரு கருவாட்டையும் வைத்தார்.

"பெத்த அப்பன இப்பிடி விட்டுட்டானுங்களே" என்று சொல்லிக்கொண்டே ஆவுடையப்பன் குடித்தார். இன்னொரு இலையும் குடித்தார். மூன்று குடும்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று கூடை வந்தது. குட்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. இப்போது ஓடுவதற்கு ஊர்களும் இருந்தன. சித்தி அடுப்பில் இனிப்பு. தாத்தா அடுப்பில் கருவாடு. யாருக்குத் துணிச்சல் அதிகம் என்று பார்க்க வேண்டுமானால் செண்பகத்தின் அடுப்பு.

இன்னொன்றும் நடந்தது. செண்பகம் விறகு பொறுக்கப் போகும்போது பேச்சி கேட்டாள், "யக்கா, கஞ்சி குடிச்சியளா?" கொம்பையா தன் அடுப்பிலிருந்தபடியே மகன்களைக் கேட்டார், "ஏலே, குடிச்சாச்சா?" சுடலைமுத்துகூட ஒருநாள் பெண்டாட்டியைப் பார்த்து, "ஏளா, நீ குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு, தான் என்ன கேட்டோம் என்று தனக்கே புரியாமல் நின்றான். ஒரே பானையில் குடித்தவரை இதைக் கேட்கத் தேவையே இருக்கவில்லை. இப்போது உண்மையிலேயே தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் சந்தோஷமாக இருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல ஒவ்வொருவருக்கும் பயம். மற்றவர்கள் பழைய அடுப்புக்காக ஏங்குகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அதனால் சந்திக்கும்போதெல்லாம் வானத்தைப் பார்த்து, "எப்பத்தான் மழ விழுமோ" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டார்கள்.

மழை ஒரு மத்தியானம் விழுந்தது. முதல் தூறலிலேயே கொம்பையா எல்லாரையும் கூப்பிட்டார். சத்தியம் சத்தியம்தானே. மூன்று அடுப்பையும் சுற்றி நனைந்துகொண்டு நின்றார்கள்.

"ம், ஒடைங்க" என்றார் கொம்பையா.

"மூத்தவரு நீங்க ஆரம்பிங்கப்பா" என்றான் மாசானம்.

"மூத்த மகன் அவன் ஆரம்பிக்கட்டும்."

சுடலைமுத்து காலைத் தூக்கினான். தூக்கின கால் அப்படியே நின்றது, ஏனென்றால் செண்பகம் போய்த் தன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒடைக்க விட மாட்டேன் மாமா."

"சத்தியம் பண்ணுனோமேம்மா."

"பண்ணுனேன். பாவம் எனக்கு வரட்டும். ஓடக்கரையில அன்னைக்கு நான் நடிக்கல மாமா. எல்லாரும் கை தட்டுனிய."

இந்த முறை கை தட்ட நரி அங்கே இல்லை. சுடலைமுத்து தூக்கின காலை மெதுவாகக் கீழே வைத்தான். தன் பெண்டாட்டியை அவன் அவ்வளவு நேரம் பார்த்தது அதற்கு முன் எப்போது என்று அவனுக்கு நினைவில்லை.

கொம்பையா ஓர் ஓலையை எடுத்துத் தன் அடுப்பின் மேல் பிடித்தார். பிறகு, "அந்தக் கஞ்சிய நெனச்சா எனக்கும் கொமட்டத்தான் செய்யுது" என்றார்.

"எந்தக் கஞ்சி மாமா?"

"நீ காய்ச்சுத கஞ்சிதான். உப்பும் இல்லாம ஒறப்பும் இல்லாம. மனுசன் குடிப்பானா, பன்னி குடிக்குமா அத?"

"ஒங்களுக்கு வயிறு ஒத்துக்காதுன்னுதான மாமா நான் அப்பிடிக் காய்ச்சுனேன்! அத்ததான சொல்லிக்குடுத்தாவ!"

"எனக்கு வயித்துல என்ன கேடு? கல்லத் தின்னாலும் செமிக்கும். ஒங்க அத்த கல்யாணமான புதுசுல ஒரு நாளு உப்புப் போட மறந்துட்டா. சொன்னா மொகம் வாடிருமேன்னு, ‘ரொம்ப நல்லாருக்கு, இதே மாதிரியே காய்ச்சு’ன்னுட்டேன். சாகுத வரைக்கும் அதே மாதிரியே காய்ச்சுனா, மகராசி. அவ இருக்கையிலயே நீ வந்த. நீயும் அதே மாதிரி காய்ச்சுன. வந்த புள்ளயக் கொற சொல்லக் கூடாதேன்னு குடிச்சேன்."

"நாங்க ஒங்களுக்காகக் குடிச்சோம்ப்பா" என்றான் மாசானம்.

"நான் ஒங்களுக்காகக் குடிச்சேம்லே."

ஆக, காடே கையெடுத்துக் கும்பிட்ட அந்த ஒற்றுமைக்கு அஸ்திவாரம், என்றோ ஒருநாள் ஒரு புதுப்பெண் மறந்துபோன உப்பு. செண்பகம் முதலில் சிரித்தாள். பிறகு பேச்சி. பிறகு மழையில் நனைந்தபடி எல்லாரும் சிரித்தார்கள். மூன்று அடுப்பின் மேலும் ஓலை மறைப்புப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்கள்.

வேறு கதையாக இருந்தால் இங்கே முடித்துவிடலாம். ஆனால் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதே.

கொம்பையா வீட்டுக்கு மூன்று கூடை கிடைத்த சேதி காடு முழுக்கப் பரவியிருந்தது. எல்லாக் குடும்பங்களும் வரிசையாகப் பிரிய ஆரம்பித்தன. ஆமைகூட முதுகு ஓட்டுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு அடுப்பு வைத்து மனுப் போட்டிருந்தது. கிடங்கு காலியாயிற்று. உடனே ஒரு கருத்தரங்கம் கூட்டினார்கள். குடும்பம் என்னும் அமைப்பு சிதைந்துவருவது பற்றியும், கூட்டுக் குடும்பத்தின் மேன்மை பற்றியும் புலி தலைமையுரை ஆற்றியது. பிறந்து வளர்ந்த பிறகு யாரோடும் ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாத புலி. எல்லாரும் கண் கலங்கினார்கள்.

புதுச் சட்டம் வந்தது. இனி ஒரே அடுப்பில் சேர்ந்து சாப்பிடும் குடும்பத்துக்குத்தான் கிழங்கு, அதுவும் வயிற்றுக்கு ஒரு கூடை. பிரிந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. சிறந்த கூட்டுக் குடும்பத்துக்குப் பித்தளைக் கேடயம்.

"அப்பாடா, வயித்துக்கு மிஷின்ல எடம் வந்துட்டு. நாமதான் எடத்த மாத்திட்டோம்" என்றார் கொம்பையா.

ஒரு மழையில் கிழங்கு விளைந்துவிடாது. கூடை வேண்டும். மறுபடி நாடகம்தான், ஆனால் இந்த முறை வேஷம் வேறு. பழைய பெரிய பானையை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் செண்பகம் தன் சின்னப் பானையைப் பின்னால் நகர்த்தி வைத்தாள். ஒரு நாளைக்கு என்று ஏறுகிற பானை, எப்போது இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

தணிக்கை நாள் காலையில் மூன்று அடுப்பையும் இலை தழையால் மூடி, மேலே சின்னக் குட்டிகளை உட்கார வைத்தார்கள். அடுப்பு இன்னும் ஆறவில்லை. குட்டிகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. பெரிய பானை பழைய அடுப்பில் ஏறியது. ஆவுடையப்பன் தூரத்தில் வருவது தெரிந்தது. எல்லாரும் பழக்கத்தில் செண்பகத்தைப் பார்த்தார்கள்.

செண்பகம் அகப்பையை எடுத்தாள். நேரே போய் மாமனார் கையில் கொடுத்தாள்.

"பழய அடுப்புக்கு வந்துருவோம்னு சத்தியம் பண்ணுனோம் மாமா, வந்தாச்சு. அகப்பையப் பத்தி யாரும் சத்தியம் பண்ணல."

கொம்பையா அகப்பையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் மனசில் ஒரு பாவனை செய்துகொண்டு கிண்ட ஆரம்பித்தார்.

ஆவுடையப்பன் வந்து நின்றபோது குடும்பமே வரிசையில் இலையோடு நின்றது. கொம்பையா முதல் அகப்பைக் கஞ்சியை அள்ளினார். முன்னால் நின்றவை பெரிய குட்டிகள்.

"கொஞ்சம் நில்லுங்கலே. எம்மா செண்பகம், நீ குடிச்சியா?"

"இல்ல மாமா."

"வா. மொத எல ஒனக்கு."

அவள் இலையில் ஆவி பறக்கக் கஞ்சி விழுந்தது. உப்பில்லாத கஞ்சிதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு உப்புப் போதுமான அளவு கண்ணிலிருந்தே வந்துவிட்டது.

ஆவுடையப்பன் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் சுளித்தார். "என்ன பெரியவரே, உப்பே இல்லயே?"

"எங்களுக்கு இப்பிடித்தான் சார் பிடிக்கும்!" என்று குடும்பமே ஒரே குரலில் சொன்னது. நாடகமாகவே இருந்தாலும், அந்தக் குடும்பம் சேர்ந்து ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆவுடையப்பன் நாக்கை வெளியே நீட்டிக் காற்றைத் துழாவினார். மிளகாய் நெடி. தேன் வாசனை. கருவாடு. பிறகு எழுந்து எழுந்து உட்காரும் குட்டிகளைப் பார்த்தார். அவர்களுக்குக் கீழே மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. கூடையும் போச்சு, பேரும் போச்சு, அடுப்பும் போச்சு என்று செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

உடும்பு கொம்பையாவின் காதருகே வந்தது. "பெரியவரே, அந்த நெத்திலிக் கருவாடு இன்னும் இருக்கா?"

"இ... இருக்கு சார்."

"சட்டப்படி என் வீட்லயும் ஒரே அடுப்புதான். ஒரே ஆளுதான். நீ குடிச்சியான்னு கேக்க நாதி கிடையாது" என்றார் ஆவுடையப்பன். "வாரம் ஒருமுறை தணிக்கைக்கு வரலாம்னு நெனக்கிறேன்."

"தெனமும் வாங்க சார்" என்றாள் செண்பகம். "எங்க வீட்டுல மூணு..." பேச்சி அவள் காலை மிதித்தாள். "மூணு வேளையும் கஞ்சி உண்டு."

அந்த வருஷக் கேடயம் கொம்பையா குடும்பத்துக்குத்தான். புலியே நேரில் வந்து கொடுத்துவிட்டு, கூட்டம் பிடிக்காமல் உடனே போய்விட்டது. வட்டமான, கனத்த பித்தளை. நடுவில் ‘ஒரே குடும்பம்’ என்று புடைப்பாக எழுதி, மேலே பிடிபோல ஒரு வளையம். வீட்டு வாசலில் மாட்டலாமா, மரத்தில் மாட்டலாமா என்று ஆண்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். செண்பகம் வந்து கேடயத்தைக் கையில் வாங்கினாள். தன் அடுப்பண்டை கொண்டுபோய், சின்னப் பானையின் மேல் கவிழ்த்தாள். செய்து வைத்த மாதிரி பொருந்தியது.

இப்போதும் மாமியார்கள் மருமகள்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கேடயத்தைக் காட்ட வருகிறார்கள். செண்பகம் வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துப் பெரிய பானையிலிருந்து கஞ்சி ஊற்றி அனுப்புகிறாள். கடைசி ஆளும் போன பிறகு கேடயத்தைத் தூக்குகிறாள். கஞ்சி கொதிக்கக் கொதிக்க அப்படியே இருக்கிறது.

நீதி: குடும்பம் சேர்ந்திருக்க வேண்டுமானால் அடுப்பைப் பிரித்து வையுங்கள். அதிகாரி வரும் நாளில் மட்டும் ஒரே பானையில் குடியுங்கள். ஒற்றுமைக்குக் கேடயம் கொடுக்கிறார்கள் என்றால், முதலில் உங்கள் பானையின் வாயை அளந்து சொல்லிவிடுங்கள்.